கோவிந்தனின் வழக்கறிஞர்

கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு திறத்தார். ஒரு திறத்தார் அவரை நீதிமன்றச் சிங்கம் என்றும் உழைப்பாளரின் நாவுக்கரசர் என்றும் போற்றி, 1972 ஆம் ஆண்டு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வர். மற்றத் திறத்தார் 1972 இலேயே தொடங்கி, 'சிங்களவன் எப்போதும் சிங்களவனே' என்ற தீர்ப்புடன் எழுத்தை முடித்துக்கொள்வர். இரண்டும் வசதியான வழிகள். இரண்டும் உண்மையைத் தேடும் உழைப்பைத் தவிர்ப்பன. மலைநாட்டில் வாழும் நாம் இவ்விரு வழிகளையும் மறுக்கின்றோம். சட்டத்துக்கும் நீதிக்கும் இனத்துக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை இவ்வொரு மனிதரின் தொழில் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். மேலும், இடதுசாரிகள் என நம்மை நாமே அழைத்துக்கொள்ளும்வரை அவ்வரலாறு நமது சொந்தக் கணக்கு. அதைப் பிறர் தீர்க்கக் காத்திருத்தல் நேர்மையன்று.

1940 சனவரி 10 ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். கூலி உயர்வு கேட்டதும் சங்கம் அமைத்ததுமே அத்தோட்டத்தார் செய்த குற்றங்கள். இது குறித்து விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது, கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. பலப்பிட்டியில் 1907 இல் பிறந்த சிங்களவர், இலண்டனில் பட்டம் பெற்றவர், சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அவர் லயத்துக் கைம்பெண் ஒருத்தியின் சார்பில் அரசாங்கத்தின் துப்பாக்கியைக் குறுக்கு விசாரணை செய்தார். அதே ஆண்டு யூன் மாதத்தில் அவரும் சிறை புகுந்தார். இந்த மனிதரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் முல்லோயாவை மறந்தவர்கள்.

முல்லோயாவுக்கு மூன்றாண்டுகளின் முன், 1937 இல் நடந்த இன்னொரு வழக்கையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். மடுல்கலைப் பகுதியில் ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர். தொழிலாளர் பக்கம் நின்றமையால் அவர் வேலையிழந்தார். பின்பு சமசமாஜ மேடைகளில் ஏறித் துரைமாரின் கொடுமைகளைப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது, எச். வி. பெரேரா வாதாடினார். நீதிமன்றம் தேசாதிபதியின் ஆணையைச் செல்லாததெனக் கண்டு அவரை விடுவித்தது. ஏப்பிரில் பிற்பகுதியில் கையளிக்கப்பட்ட ஆணை மே மாதம் முடியுமுன் வீழ்ந்தது.

இத்தீர்ப்பைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. குடியேற்ற ஆட்சியிலும் நீதிபதிகள் தேசாதிபதியின் கையைப் பிடித்து நிறுத்தினர் என்பது பெருமைக்குரியதே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க. தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய வெள்ளையரை நாட்டைவிட்டு அகற்றச் சில வாரங்களில் முடியவில்லை. அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தொழிலாளரை, பத்து இலட்சத்தை எட்டும் மக்களை, சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே சட்டத்தால் அந்நியராக்க முடிந்தது. முன்னதில் ஆணை ஒரு மனிதனின் பெயரைச் சொல்லிற்று. நீதிமன்றம் அநீதியைக் கண்டது. பின்னதில் சட்டம் எவர் பெயரையும் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல்லும் இல்லை, 'தோட்டம்' என்ற சொல்லும் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 15 இன் முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் தமது தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ காட்ட வேண்டும். அவ்வளவே. கேட்பதற்கு எவ்வளவு நடுநிலையான விதி! ஆனால் நாட்டின் பெரும்பாலானோரிடம் பாட்டனின் பிறப்புச் சாட்சி எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கிராமத்துப் பெயரே அவர்களுக்குச் சாட்சியாயிற்று. லயத்தில் பிறந்தவனிடம் மட்டுமே காகிதம் கேட்கப்பட்டது. கோப்பிக் காலத்தில் கால்நடையாக இக்காடுகளுக்கு வந்தவர்கள் காகிதத்தோடா வந்தார்கள்?

பாட்டன் பெயரைச் சொல்லிப் பேரனின் உரிமையைப் பறிக்கும் இவ்வித்தை இலங்கையின் கண்டுபிடிப்பன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலம் 1910 இல் ஒரு விதி செய்தது. வாக்களிக்க எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டும். ஆனால் 1866 சனவரி முதலாம் நாளில் வாக்குரிமை உடையோராயிருந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் அச்சோதனைக்கு உட்பட வேண்டியதில்லை என்றது அவ்விதி. அதிலும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. 1866 இல் கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை என்பது மட்டுமே அதன் சூட்சுமம். 1915 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இனத்தைச் சொல்லாமலே இனத்தைக் குறிவைத்த விதி என்று கண்டு அதனைத் தள்ளியது. மாநிலம் சளைக்கவில்லை. 1916 இல் வேறொரு சட்டம் செய்து, முன்பு விலக்கப்பட்டோர் சில நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் என்றென்றைக்கும் உரிமை இல்லை என்றது. அதனையும் 1939 இல் அதே நீதிமன்றம் தள்ளியது. முரட்டுத்தனமான பாகுபாட்டை மட்டுமன்றி நுட்பமாக ஒளித்துவைத்த பாகுபாட்டையும் அரசியலமைப்பு தடுக்கும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நமக்கும் அத்தகைய அரணொன்று இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ ஏனையோருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. கேகாலை மாவட்டத்து ருவன்வெலைத் தொகுதித் தேர்தல் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். பதிவு உத்தியோகத்தர் மறுத்தார். மீள்பரிசீலனை செய்த உத்தியோகத்தர், அச்சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை எனக் கொண்டு அவருக்குச் சார்பாக முடிவு செய்தார். உயர் நீதிமன்றம் 1951 இல் அம்முடிவை நீக்கியது. பிரிவிக் கவுன்சில் எனப்பட்ட இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல் உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. தன் குடிமக்கள் யாவர் என்று தீர்மானிப்பது எந்நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை என்றது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்களது தகுதியைப் பற்றிய செய்தியே அன்றி, இனம் பற்றியதன்று என்றும் கண்டது.

இடம்பெயரும் வழக்கமாம்! கடல் கடத்தி அழைத்து வந்தவர் யார்? எந்த நாட்டு மூலதனத்துக்காகக் காடு வெட்டப்பட்டது? எந்த நாட்டுக் கோப்பைகளுக்காகக் கொழுந்து கிள்ளப்பட்டது? இடம்பெயர்த்தவனின் தலைநகரில் அமர்ந்து இடம்பெயர்ந்தவனின் வழக்கத்தைக் குறை கூறிய தீர்ப்பு அது.

இங்கே நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் நன்கறிந்த கோட்பாடொன்றை எண்ணிப் பார்ப்போம். அதே 1953 இல், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட துடுப்பாட்ட வீரர் சதாசிவத்துக்காக வாதாடி அவரை விடுவித்தார் கொல்வின். நாடே பேசிய வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தமிழர்; வழக்கறிஞர் சிங்களவர். எடின்பரோவின் தடயவியல் அறிஞர் சேர் சிட்னி சிமித்தின் சாட்சியமும் எதிரியின் பக்கத்துக்குக் கிடைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி. மெய்ப்பிக்கும் பாரம் அரசினுடையது. ஐயத்தின் பலன் எதிரிக்கு. இம்மூன்றும் அங்கே தம் கடமையைச் செய்தன. நன்று. ஆனால் கொலைக் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒருவருக்குக் கிடைத்த இந்த ஐயத்தின் பலன், கொழுந்துக் கூடை சுமந்த ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவள் விண்ணப்பிக்க வேண்டும். மணமானவராயின் ஏழாண்டு, மணமாகாதவராயின் பத்தாண்டு தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி முறிந்தது. மெய்ப்பிக்கும் பாரம் முழுவதும் அவள் தலையில். மெய்ப்பிக்கும்வரை அவள் அந்நியள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. இறுதியில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறில் ஒருவர்கூட இல்லை எனலாம்.

1947 தேர்தலில் மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டிற்று. 1952 இல் அம்மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1977 வரை கால் நூற்றாண்டுக்கு அந்நிலை நீடித்தது. பிரஜாவுரிமைச் சட்டம் இனத்தின்மீது விழுந்த அடி. அதே வேளையில் வர்க்கத்தின்மீது விழுந்த அடி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பவர் எதையும் பார்க்காதவர்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் இன்னொரு பெரும் வழக்கறிஞரைப் பார்க்க. குறுக்கு விசாரணையில் நிகரற்றவர் என்று புகழப்பட்ட ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழர், தமிழ்க் காங்கிரசின் தலைவர். 1948 பிரஜாவுரிமை மசோதாவை அவர் எதிர்த்தார். பின்பு டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்து, இந்திய பாகிஸ்தானியர் பற்றிய மசோதாவுக்குக் கைதூக்கினார். செல்வநாயகம் அதனை எதிர்த்துப் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். சிங்களத் தொழிற்சங்கவாதிகள் அவைக்கு வெளியிலும் உள்ளேயும் மலையகத்துக்காகக் குரல் கொடுத்த நாளில், தமிழ் அப்புக்காத்து ஒருவர் அமைச்சர் நாற்காலியிலிருந்து மலையகத்தை விட்டுக்கொடுத்தார். ஆகவே வழக்கறிஞரின் இனம் நீதியைத் தீர்மானிப்பதில்லை. அவர் எந்த அதிகாரத்தின் படிக்கட்டில் நிற்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. இனவாதத்தால் இனவாதத்தை விளக்க முற்படும் நண்பர்கள் இதற்கு விடை கூறட்டும்.

இந்த அளவுகோலையே கொல்வின்மீதும் வைப்போம். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி எனில் இரு நாடு, இரு மொழி எனில் ஒரு நாடு என்னும் பொருள்படப் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவர். எட்டாண்டுகள் சென்றன. 1964 யூன் மாதத்தில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் அதே அரசாங்கம் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்தது. 9,75,000 மனிதருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. மூட்டைகளைப் பிரிப்போர்கூட உள்ளே இருப்பது என்னவென்று பார்ப்பர். 1966 சனவரியில் தமிழ் மொழி விதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அவற்றை எதிர்த்துக் கிளம்பியோரின் அணியில் சமசமாஜக் கட்சியும் நின்றது.

1970 இல் கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரும் அரசியலமைப்பு விவகார அமைச்சருமானார். ஒரே மனிதரின் கையில் தேயிலையும் சட்டமும்! 1972 மே 22 இல் அவர் வடித்த குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சிங்களம் அரச கரும மொழி என்பது அதில் இடம்பெற்றது. பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கப்பட்டது. 29 ஆம் பிரிவு காணாமற்போயிற்று. சட்டம் நிறைவேறிய பின் அதன் செல்லுபடியை நீதிமன்றம் ஆராயும் அதிகாரமும் இல்லாதொழிந்தது.

அவர் சார்பில் கூறப்படும் நியாயங்கள் இரண்டு. 29 ஆம் பிரிவு எவரையும் காப்பாற்றவில்லை. ஆதலால் அது போனதால் இழப்பில்லை என்பது ஒன்று. துருப்பிடித்த பூட்டு திருடனைத் தடுக்கவில்லை என்றால் புதுப்பூட்டு இடுவதா, கதவையே கழற்றி எறிவதா? மேலும், அப்பிரிவு அப்போது உயிரற்றுக் கிடக்கவும் இல்லை. சிங்களத் தேர்ச்சி இல்லை என்பதற்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அரச கரும மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 1967 இல் வேறு காரணம் காட்டி அதனைப் புரட்டிற்று. கோமறைக் கழகம் 1969 இல் அக்காரணத்தை ஏற்காது, அரசியலமைப்பு வினாவை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. வினாவுக்கு விடை கிடைக்குமுன் வினாவின் அடிப்படையே அகற்றப்பட்டது. தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்கின் சட்டத்தைக் கிழித்துப்போடுவதை எந்த வழக்கறிஞரும் நீதி என்னார்.

மற்றைய நியாயம் பெரியது. மக்கள் இறைமையே மேலானது, மக்களின் சபை செய்யும் சட்டத்தை நியமனம் பெற்ற நீதிபதிகள் தள்ளலாகாது என்பது அது. கேட்க இனிமையான கொள்கை. நாமும் மக்கள் இறைமையை வேண்டுவோரே. ஆனால் எந்த மக்கள்? 1970 இல் ஆணை வழங்கிய வாக்காளர் இடாப்பில் மலையகத்தின் பெரும்பகுதி இல்லை. முதலில் மக்களுள் ஒரு பகுதியை இடாப்பிலிருந்து வெட்டுதல்; பின்பு எஞ்சியோரின் பெயரால் மக்கள் இறைமையை முழங்குதல். இக்கணக்கின் ஓட்டையை மார்க்சிய அறிஞரான கொல்வின் காணாதவரல்லர். 1972 அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயம் பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், நடமாட்டம் ஆகியவற்றைக் 'குடிமக்கள்' என்ற சொல்லுக்குள்ளேயே அடைத்தது. கோவிந்தன் எந்த உரிமைக்காக மாண்டானோ அந்தச் சங்க உரிமை, அவனுடைய வழக்கறிஞர் எழுதிய சாசனத்தில் அவனுடைய பிரஜாவுரிமையற்ற சந்ததிக்கு இல்லாமற்போயிற்று.

இதனை ஒரு மனிதரின் துரோகம் என்று சொல்லி முடிப்பது எளிது. அது விளக்கமாகாது. வாக்கை இழந்த தொழிலாளர் பாராளுமன்றப் பாதையிற் செல்லும் கட்சிக்குப் பயனற்றவராயினர்; வாக்குள்ள பெரும்பான்மையின் அச்சங்களே கட்சியின் கொள்கைகளாயின. 1948 சட்டம் தோட்டத் தொழிலாளரின் கையைக் கட்டியது. நாளடைவில் அவர்களுக்காகப் பேசியோரின் நாவையும் கட்டியது. வழக்கறிஞருக்கு ஒரு கட்சிக்காரர் போய் இன்னொரு கட்சிக்காரர் வருவது தொழில் இயல்பு. இயக்கத்தின் தலைவருக்கு அது இயலாது, இயலவும் கூடாது. கொல்வினின் சோகம் அவரது வாதத்திறன் குறைந்தது என்பதன்று. அவருக்கு அறிவுறுத்தல் கொடுத்தவர் மாறினார் என்பதே.

இவையெல்லாம் பழங்கதை, 1988 சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமையைத் தந்துவிட்டன, இனி ஏன் இந்தப் புலம்பல் என்று கேட்போர் உளர். அவர்கள் தர மறுத்ததை அரை நூற்றாண்டு கழித்துத் தந்தமைக்கு நன்றி கூற வேண்டும் போலும்! ஒன்றைக் கேட்போம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவில் மலையகத் தமிழர் என்ற சொல் இருந்ததா? இல்லை. ஆயினும் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் பணம் செல்ல அது தடையாய் நின்றது. வாக்களித்தோம், ஆனால் நாம் வாக்களித்த சபை எமது லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல்லைப் போடவும் சட்டம் தயங்கிற்று. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. பெயர் சொல்லாமல் அடிக்கும் சட்டம் பிரஜாவுரிமையோடு மாண்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சிவனொளிபாத மலைப் பருவத்தில் நாடெங்குமிருந்து வருவோர் நல்லதண்ணி வழியே ஏறுகின்றனர். வழியில் பச்சைத் தேயிலையின் நடுவே லயங்களைக் காண்கின்றனர்; அழகிய காட்சி என்கின்றனர். அக்காம்பராக்களுள் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு அதன் நிலத்தில் உறுதிப் பத்திரம் இல்லை என்பது காட்சியில் தெரிவதில்லை. வேலை நின்றால் வீடும் கேள்விக்குள்ளாகும். நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. மொழிபெயர்ப்பு உரிமை அரசியலமைப்பில் உண்டு, கூண்டில் நிற்பவரின் காதில் எவ்வளவு விழுகிறது என்பது வேறு. சட்டத்தின் முன் எல்லோரும் சமமே. சட்டத்தின் முன் வந்து நிற்பதற்கான வழிதான் சமமன்று.

அப்படியாயின் சட்டமே வேண்டாம் என்கிறோமா? அல்ல. பிரேஸ்கேடில் வழக்கும் கோடீஸ்வரன் வழக்கின் முதற் தீர்ப்பும் சட்டத்தால் இயலுவதைக் காட்டின. நல்ல வழக்கறிஞர் தேவை. அஞ்சாத நீதிபதி தேவை. ஆனால் எழுதப்பட்ட காப்பு எத்துணை நன்றாயினும், அதைக் காக்க அமைப்பாய்த் திரண்ட மக்கள் இல்லையேல் நீதிமன்றம் அதைக் குறுக்கும், சட்டசபை அதை நீக்கும். 29 ஆம் பிரிவின் கதை முழுவதும் இதுவே. அப்பிரிவுக்குப் பின்னால் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றாய் நின்றிருந்தால் 1953 உம் 1972 உம் வேறாக இருந்திருக்கும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! குடியியற் பாடநூலில் 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்ற வரி வரும்போது அதைக் கடந்து போகாதீர்கள். 1948 சட்டத்தையும் 33 ஆம் பிரிவையும் கரும்பலகையில் எழுதுங்கள். புதிய சட்டமொன்று வரும்போது அதில் எவர் பெயர் இருக்கிறது என்று மட்டும் பாராதீர்கள். எவரிடம் இல்லாத காகிதத்தை அது கேட்கிறது என்று பாருங்கள். சிங்கள மொழிப் பாடசாலையின் ஆசிரியரையும் மாணவரையும் தேடிச் சென்று இதைப் பேசுங்கள். முல்லோயாவைச் சொல்லாமல் 1972 ஐச் சொல்லாதீர்கள், 1972 ஐச் சொல்லாமல் முல்லோயாவைச் சொல்லாதீர்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி என்ற கோரிக்கையைத் தோட்டந்தோறும் கொண்டு செல்லுங்கள்.

கோவிந்தனுக்கு இனி ஒரு வழக்கறிஞர் போதாது. அவனுடைய வழக்கை நடத்தும் கட்சிக்காரர் தொழிலாளி வர்க்கமாக இருக்க வேண்டும். அந்த வர்க்கம் இம்முறை எந்த இடாப்பிலிருந்தும் ஒரு பெயரையும் வெட்ட இடங்கொடாதிருக்க வேண்டும்.